பெருமாயியின் பத்தாவது ஆடு

“ஆட்டுக்கு நாலு காலு, எனக்கு ரெண்டுதானுங்க. எப்படி ஈடு குடுக்கறது?”

காலையில் பட்டிப் படலைத் திறக்கும்போது பெருமாயி தினமும் சொல்வது இது. பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளிடம் சொல்வாள். இல்லாவிட்டால் படலிடம் சொல்வாள். இரண்டும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும்.

கொல்லிமலையில் வாசலூர்பட்டிக்கு மேலே, அரை மணி நேரம் ஏறுகிற தூரத்தில், பதினோரு வீடு உள்ள ஊர் அவளுடையது. வயது நாற்பத்தைந்து. பார்த்தால் அறுபது சொல்லலாம். புருஷன் கருப்பண்ணன் சாமைக் காட்டைப் பார்த்துக்கொள்வான். மிச்சமெல்லாம் இவள் தலையில்: பதினாலு ஆடு, தண்ணீர், விறகு, அடுப்பு, அவனுடைய பேச்சு. பிள்ளைதான் இல்லை என்றிருந்தவளுக்குப் போன வருஷம் அதுவும் வந்து சேர்ந்தது. தங்கச்சி பொன்னாயி மலைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப்போனது நாற்பது நாள் பெண்குழந்தை. குழந்தையின் தகப்பன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். அவனும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பெருமாயி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பாப்பாயி என்று பேர் வைத்தாள். அதற்கப்புறம் அந்த இடுப்பு வேறு எதற்கும் உதவவில்லை.

பதினாலு உருப்படியில் அப்போது பால் கறந்தது ஒன்றே ஒன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஆடு, பேரும் சுட்டிதான். மற்ற பெட்டைகள் சினையாக இருந்தன, அல்லது வற்றிக் கிடந்தன. ஒரு தரம் சுட்டிக்கு மடி வீங்கி இரண்டு நாள் பால் இல்லை. சாமைக் கஞ்சித் தெளிவைக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தைக்கு அது தங்கவில்லை. மூன்றாம் நாள் அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. அந்த இரண்டு நாளைப் பெருமாயி மறக்கவில்லை.

அவளும் கருப்பண்ணனும் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பெரியண்ணசாமிக்குக் கிடா வெட்டின குடும்பந்தான். வாசலூர்பட்டியில் ஓலை வேய்ந்த ஜெபக்கூடம் ஒன்று உண்டு. அங்கே ஓர் உபதேசியார், முள்ளுக்குறிச்சிப் பக்கத்து ஆள், நல்லவர், கொஞ்சம் அவசரக்காரர். சாமை அறுத்து முடிந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தசமபாகத்தைப் பற்றிப் பேசினார். தானியத்தில் பத்தில் ஒன்று என்பதை எல்லாரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது உண்டு என்பது புதிது. மந்தையை ஒரு கோலுக்கு அடியில் ஒவ்வொன்றாக விடவேண்டும். பத்தாவதாக வருவது ஆண்டவருக்கு. நல்லதா, நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது. இதை வைத்துக்கொண்டு அதைத் தருகிறேன் என்று மாற்றவும் கூடாது. மாற்றினால், மாற்றினது, மாறினது இரண்டுமே அவருக்கு.

கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். பெருமாயி தூங்கவில்லை.

“பெரியண்ணசாமிக்கு நாமளா பாத்துக் குடுத்தோம். இவரு அவரா எடுத்துக்கறாரு போல,” என்றாள் வரும் வழியில்.

“எடுத்துக்கட்டும் புள்ளே. பதினாலுக்கு ஒண்ணுதானே,” என்றான் கருப்பண்ணன்.

“எந்த ஒண்ணு?”

செம்மேட்டுச் சந்தையில் விற்கக் கொழுக்க வைத்திருந்த செங்கிடாயைப் பற்றி அவனுக்குத் தனிக் கவலை இருந்தது.

வியாழக்கிழமை காலையில் உபதேசியார் காவிமண்ணைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பத்தாவது ஆட்டுக்கு அடையாளம் வைக்க அது. சுட்டியை வீட்டுக்குள் கட்டிவைக்கப் பெருமாயிக்குக் கை துறுதுறுத்தது. கட்டவில்லை. எண்ணினால் எல்லாவற்றையும் எண்ணவேண்டும் என்று விட்டுவிட்டாள். படலை ஓர் ஆடு நுழைகிற அளவுக்குத் திறந்து, கருப்பண்ணன் மூங்கில் கோலைக் குறுக்கே பிடித்தான். முதலில் கிழட்டுப் பெட்டை வந்தது.

“லாபம்,” என்றான்.

சாமை அளக்கும்போது முதல் வள்ளத்தை ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம் என்பார்கள், அடுத்ததற்கு இரண்டு. வாய் அப்படிப் பழகிவிட்டது. உபதேசியாருக்கு அது பொறுக்கவில்லை.

“அண்ணே, ஆண்டவருக்குக் குடுக்கற எடத்துல லாபமா? ஒண்ணுன்னு சொல்லுங்க.”

“செரிங்க,” என்றான் கருப்பண்ணன். அதற்குள் இரண்டாவது ஆடு கோலுக்கடியில் தலையை நீட்டியது. “ஒண்ணு,” என்றான்.

அங்கே பிசகியது. உபதேசியார் காவிமண்ணில் கவனமாக இருந்தார். கருப்பண்ணன் சொல்லைத் திருத்திய பெருமையில் சத்தமாக எண்ணிக்கொண்டே போனான். பெருமாயி மட்டும் கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுக்கொண்டு நின்றாள், சுண்டுவிரலிலிருந்து, ஓர் ஆட்டுக்கு ஒரு கணுவாக. ஆட்காட்டி விரலின் முதல் கணுவுக்கு வந்தபோது கோலுக்கடியில் வந்தது சுட்டி. அதுதான் பத்து.

“ஒம்போது,” என்றான் கருப்பண்ணன்.

அடுத்து வந்தது செங்கிடா. “பத்து.” சொன்ன பிறகுதான் அவன் ஆட்டைப் பார்த்தான், முகம் தொங்கிவிட்டது. உபதேசியார் சந்தோஷமாக அதன் முதுகில் காவியைத் தீற்றினார். பெருமாயி வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் இருந்த குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு போயின. தானாக எதையும் மாற்றவில்லை, எண்ணினவன் அவன், தவற வைத்தவர் அவர், தனக்கு என்ன வந்தது என்று மூன்று நாளும் சொல்லிப் பார்த்தாள். சொல்லாமல் இருந்ததே மாற்றினதுதான் என்று கறக்கும்போதெல்லாம் தோன்றியது. பால் வழக்கம்போல வந்தது. அவளுக்குத்தான் கை கூசியது. திங்கட்கிழமை சுட்டியைக் கயிற்றில் பிடித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலூர்பட்டிக்கு இறங்கினாள்.

உபதேசியார் ஜெபக்கூடத்து வாசலில் கிடாய்க்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இதையும் கட்டிக்குங்க,” என்றாள். நடந்ததைச் சொன்னாள்.

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். “தெரியாம நடந்தது அக்கா. ஓட்டிக்கிட்டுப் போங்க.”

“எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். மாத்தினா ரெண்டும்னு படிச்சது நீங்கதானே?”

“குழந்தைக்குப் பாலு?”

“அதைத்தான் மூணு நாளா ரோசிச்சேன்.”

உபதேசியார் தலையைச் சொறிந்தார். அந்தப் பங்கு யாருக்குப் போகவேண்டும் என்று இன்னோர் இடத்தில் சொல்லியிருக்கிறது என்றார். நிலமில்லாத ஊழியக்காரன், பரதேசி, விதவை, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, இவர்களெல்லாம் தின்று திருப்தியாக வேண்டும். “அப்பிடீன்னா ஆடு இங்க நிக்கட்டும். பாலு பாப்பாயிக்குத்தான்,” என்றார்.

“அதையும் அன்னைக்கே படிச்சிருக்கலாமில்லீங்க,” என்றாள் பெருமாயி.

வேறொருத்தி என்றால் அவர் முதலில் சொன்னபோதே சரி என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள். இவள் கட்டிவிட்டுத்தான் வந்தாள். கொடுத்தது கொடுத்தது. சேதி கேட்ட கருப்பண்ணன், “லாபம்னு ஒரு வார்த்தை சொன்னேன். ரெண்டு உருப்படி நட்டம்,” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

சிக்கல் அதோடு தீரவில்லை. சுட்டி வேறு யார் கைக்கும் கறக்காது. உபதேசியாரின் சம்சாரம் முழங்காலில் ஓர் உதை வாங்கிக்கொண்டு விலகிவிட்டாள். அதனால் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், பெருமாயிதான் இறங்கிப் போய்க் கறக்கிறாள். குழந்தைக்கு அங்கேயே புகட்டி, மிச்சத்தைச் சொம்பில் எடுத்துக்கொண்டு ஏறுகிறாள். மழையானாலும் இதே நடை. பதினாலில் இரண்டு குறைந்ததே, வேலை குறைந்ததா என்று பக்கத்து வீட்டு மாதம்மாள் கேட்டதற்கு, “ரெண்டு ஆடு குறைஞ்சுது, ரெண்டு நடை கூடுச்சு,” என்றாள்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. குழந்தை கனத்துவிட்டது, நடக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. உங்களில் யாராவது முள்ளுக்குறிச்சி வழியாக மலை ஏறினால் பெருமாயியைப் போய்ப் பாருங்கள். வாசலூர்பட்டியில் யாரைக் கேட்டாலும் ஜெபக்கூடத்தைக் காட்டுவார்கள். பொழுது புறப்பட்டு ஒரு நாழிகைக்குள் போனால் ஆள் அகப்படுவாள். புகழ்ந்து பேசி நிறுத்தி வைக்காதீர்கள், அவளுக்கு அடுப்பு வேலை கிடக்கும். சொம்பையோ குழந்தையையோ வாங்கிக்கொண்டு, அந்த ஏற்றம் முடிகிறவரைக்கும் கூட நடந்துவிட்டு வாருங்கள்.