தொலைபேசியருகே ஓர் ஆள்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். தாமதமாகப் பதிவிடுவதைப் பொறுத்தருள்க.

வரும் சனிக்கிழமை, ஸ்கொட்லாந்தில் அதிகம் பேர் அறியாத பனிமலையொன்றில் ஸ்னோஷூ எனும் பனிநடைக் காலணி அணிந்து தனியே ஏறவுள்ளேன். இருட்டும் முன் நான் அழைக்காவிட்டால் மீட்புக் குழுவுக்கு அறிவிக்க லண்டனில் ஒருவர் வேண்டும். கணவர் இருந்தவரை அது அவர் பணி.

இன்று கிங்ஸ்பரி மரக்கறிக் கடையில், எங்கள் தேவாலயத்து மேரி அக்காவிடம் கேட்டேன்.

"அந்தப் பொறுப்பு எனக்கு ஏலாது பிள்ளை. வேணுமெண்டால் உமக்கொரு பூசை ஒப்புக்குடுக்கிறன்."

"என்ன பூசை, அக்கா?"

"நீர் இறங்கி வந்தால் நன்றிப் பூசை. வராட்டில் மற்றது."

வெண்டிக்காயைத் தெரிந்தெடுத்தபடியே சொன்னார். எனக்குக் கோபமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

ஆக, இரண்டு விதமான பூசைக்கும் ஏற்பாடாகிவிட்டது. தொலைபேசிக்கு ஆளில்லையெனில் பயணமில்லை. இயன்றவர் விரைந்து பதில் தருக.