கற்பூரமும் கையெழுத்தும்

2008ஆம் ஆண்டு, ஆனி மாதம். சிதம்பரத்தில் திருமஞ்சனத் திருவிழா முடிந்து, தேரோடிய வீதிகளில் வடக்கயிற்றின் நார் இன்னும் சிதறிக் கிடந்த நாட்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டில் தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர் குடியிருந்தார். கணவரைப் பேருந்து விபத்தில் இழந்தவர். நீதிமன்றம் வழங்கிய இழப்பீட்டை அவருடைய வழக்கறிஞரே பெற்றுக்கொண்டு, "அப்பீல்ல நிக்குதும்மா" என்று நாளைக் கடத்திவந்தார். நீதிமன்ற அலுவலகத்தில் விசாரித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அப்பெண்மணி சென்னைக்குச் சென்று, வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தார். மகளின் நர்சிங் படிப்பு அந்தத் தொகையை நம்பியே இருந்தது.

அவ்வழக்கறிஞர் எனக்கும் வேண்டியவர். திருவாதிரைதோறும் சிதம்பரத்தில் கூடிப் பதிகம் ஓதும் எங்கள் குழுவில் முதற்குரல் அவருடையது. புகார் போனதும் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, டிடி எடுத்துட்டு வர்றேன். சாமி முன்னால கற்பூரம் ஏத்தி முடிச்சிக்கலாம். நீங்க நடுவுல நின்னாப் போதும்."

எங்கள் பக்கத்தில் கற்பூரத்தின் முன் சொன்ன சொல்லுக்கு மறுபேச்சில்லை. பங்காளிச் சண்டைகள் பல அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. நான் இசைந்தேன்.

சிதம்பரம் கீழ வீதியை அடுத்த சிறு பிள்ளையார் கோயிலில் மூவரும் கூடினோம். வழக்கறிஞர் கற்பூரம் ஏற்றி, "இனிமே யாரு காசையும் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். பிறகு வங்கி வரைவோலையோடு ஒரு தாளையும் நீட்டினார். புகாரைத் திரும்பப் பெறுவதாக அதில் எழுதியிருந்தது.

அப்பெண்மணி நிதானமாகப் படித்தார். "பணம் என்னுது, குடுங்க வாங்கிக்கறேன். இதுல கையெழுத்து போட மாட்டேன்."

"சத்தியமே பண்ணிட்டேன். இன்னும் என்னம்மா வேணும்?"

"கேஸ எடுத்தப்பவும் சாமி படத்தக் கும்புட்டுட்டுதான் சார் எடுத்தீங்க."

வழக்கறிஞர் என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

அப்பெண்மணி முந்திக்கொண்டார். "மாமா, சாமி மன்னிச்சா மன்னிக்கட்டும், அது அவுங்க ரெண்டு பேரு விஷயம். நாளைக்கு இவருகிட்ட கேஸ் குடுக்க வர்றவளுக்கு இந்தக் கற்பூரம் தெரியுமா?"

தட்டில் கற்பூரம் எரிந்து தீர்ந்திருந்தது. வழக்கறிஞர் வரைவோலையையும் அந்தத் தாளையும் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடலூர் திரும்பும் பேருந்தில் அப்பெண்மணி ஜன்னலோரம் அமர்ந்து வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியபோதுதான் வாய் திறந்தார். "பொண்ணு பீஸுக்குக் காதுத் தோட்ட வெச்சிடலாம் மாமா. போனாப் போவுது, கவரிங் போட்டுக்கறேன்." மறுநாளே அடகு வைத்தார்.

விசாரணை ஓராண்டுக்கு மேல் நடந்தது. இடையில் வழக்கறிஞர் தொகை முழுவதையும் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன்னிலையில் செலுத்தினார். ஆயினும், பணம் திரும்பி வந்ததால் செய்த தவறு இல்லாமற் போகாது என்று கூறிய குழு, அவர் சில ஆண்டுகள் தொழில் செய்யத் தடை விதித்தது. மகள் படிப்பை முடித்தாள். தோடும் மீண்டது.

வழக்கறிஞர் இன்றும் எங்கள் குழுவில் ஓதுகிறார். குரலில் குறைவில்லை, நானும் உடன் ஓதுகிறேன். எச்சமின்றி எரியும் கற்பூரத்தை இறைவன் முன் உருகும் உயிருக்கு உவமையாகவே அதுவரை கொண்டிருந்தேன். பிறர் பொருளைக் கையில் வாங்கும் தொழிலுக்கோ, எரிந்து போகாமல், அடுத்து வருபவர் கண்ணுக்கு எஞ்சி நிற்கும் பதிவு ஒன்று வேண்டும் என்பதை இப்போது ஒவ்வொரு தீபாராதனையிலும் நினைத்துக்கொள்கிறேன்.