மேலே பெரட்டு இருக்கு

சுவிட்சர்லாந்தில் ஒரு மலைப்பாதையின் நடுவே என் நான்கு வயது மகள் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஏற என் முதுகு ஒப்பாது, திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான், கீழே ரயிலில் ஊர் விசாரித்துப் பழகிய சூரியநெல்லிக்காரம்மா பின்னால் வந்தார். தேயிலை எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர், இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தாராம். சேலைக்கு மேல் மருமகனின் கோட்டு. எந்தச் சரிவைக் கண்டாலும் இடுப்பில் கைவைத்து நின்று, "இங்கன தேயிலை வைக்கலாம்" என்பார்.

என் மகளைப் பார்த்து, "ஏ புள்ள, மேல பெரட்டு இருக்கு. வெரசா வா!" என்று அதட்டினார்.

அவள் துள்ளி எழுந்து ஓடினாள். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெரட்டு என்றால் கோழி வறுவல்.

உச்சியில் வெறும் பாறைதான் இருந்தது. "பெரட்டு எங்கீங்க?" என்றாள் மகள்.

"இந்தா, எடுக்கேன். உன் பேரச் சொல்லு!"

எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பதற்குப் பெயர் பெரட்டாம்.

"பேரு வேண்டா, கோழி வேணும்!" மகளின் அழுகை எதிர்மலையில் பட்டுத் திரும்பியது.

பாவம், அவருக்கு எங்கள் பேச்சு தெரியாதே என்று நான்தான் சமாதானம் சொன்னேன். "தெரியாமச் சொல்லிப்போட்டீங்க, உடுங்க."

"தெரியாம என்ன?" என்றார், கோட்டுப் பொத்தானைப் போட்டபடி. "எம் மருமகன் கொழிஞ்சாம்பாறைக்காரருதான்."