டோபி காட் புல்வெளிக்கு வேலி வந்த கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுச் சந்தடியை விட்டுக் காலாற நடக்க டோபி காட் புல்வெளிக்குப் போவேன். அங்கே கால் வைக்க இடமிருக்காது. சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் துவைத்த துணிகள் புல் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்.

எரிச்சலில் ஒருநாள், நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையில், ‘பொதுப் புல்வெளியில் மக்கள் நடக்க வழியில்லை’ என்று எழுதினேன். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் அதை எடுத்துப் போட்டது. இரண்டே மாதத்தில் வேலி போட்டார்கள்; துணி காயப்போடவும் தடை வந்தது.

சந்தோஷமாக நடக்கப் போனேன். காவலாளி வாசலிலேயே மறித்தான்.

“உள்ளே துரைமார் பந்தாடுறாங்க. நீங்க போகக்கூடாது.”

“பொது இடமப்பா இது! பத்திரிகையில் எழுதினதே நான்தான்.”

ஈரத்துணி மூட்டையோடு வேலியோரம் நின்ற சலவைத் தொழிலாளி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“வேலி போட வெச்ச புண்ணியவான் நீங்கதானா ஐயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா துணியை ஒதுக்கி வழி விட்டிருப்போமே. இப்போ இதை எங்கே கொண்டுபோய் காயப்போடுறது?”

அவர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்.

அத்தனை ஞாயிறு அங்கே போயும் அவர்களில் ஒருவரிடமாவது நான் பேசியதில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. இப்போது அது முழுக்க என்மேல்தான்.