கீழ்ப்படியாமை என்ற குற்றம்

தொண்ணூறுகளின் நடுவில், மகள் பெரியநாயக்கன்பாளையத்தில் பிளஸ் டூ படித்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து என்னை வரச்சொல்லி அனுப்பினார்கள். குற்றம்: கீழ்ப்படியாமை. எவ்வளவு நல்ல தமிழ்! மில் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடிக்கும் நான்கூட அந்தச் சொல்லை அடித்ததில்லை. பயத்தில் அகராதியைப் புரட்டினேன். கீழ் என்றால் கீழ்தான், அதில் சந்தேகமில்லை. படிதல் என்றால் குளத்தடியில் வண்டல் தங்குகிறதே, அது. ஆக, அடியில் போய்த் தங்க மறுப்பது. யார் அடியில் என்பதை அகராதி சொல்லவில்லை. அதை ஊரே சொல்லிவிடும் என்று விட்டுவிட்டார்கள் போல.

நடந்தது இவ்வளவுதான். பள்ளியில் கக்கூஸ் கழுவ ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சில மாணவிகளை அனுப்புவார்கள். அந்தச் சிலர் எப்போதும் எங்கள் காலனிப் பிள்ளைகளாகவே அமைந்தது தற்செயல். வாராவாரம் தவறாமல் நடந்த தற்செயல். அதட்டல் எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது. "கண்ணு, போய்க் கழுவிப்போட்டு வந்துரு சாமி" என்று தேன் ஒழுகத்தான் சொல்வார்கள். என் மகளும் ஊர் மரியாதை குறையாமல், "மாட்டனுங்க டீச்சர்" என்றிருக்கிறாள்.

தலைமையாசிரியை எனக்கு நாற்காலி போட்டார். மகள் கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, செய்முறைப் பரீட்சை வருது. மார்க்குப் போடறது நாங்கதான். நாளைக்கு பிரேயர்ல எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது. நீங்க சொன்னாக் கேப்பா."

அந்த மார்க்கை நம்பித்தான் அவள் காலேஜ். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"எல்லாப் புள்ளைங்களும் முறை வெச்சுக் கழுவுனா எம் புள்ளையும் கழுவுமுங்க."

"அதெப்படீங்க? அவிங்க ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்கல்லோ?"

"எங்க ஊட்டுலயும் ஒத்துக்கலீங்க."

மற்ற வீடுகள் ஒத்துக்கொள்ளாததற்குப் பெயர் கௌரவம். எங்கள் வீடு ஒத்துக்கொள்ளாததற்குத்தான் அகராதி தேவைப்பட்டது.

மகள் மன்னிப்புக் கேட்கவில்லை. பரீட்சை முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில் அள்ளிக்கொண்டு வந்தவளுக்கு வேதியியல் செய்முறையில் மட்டும் மார்க்கு சரிந்திருந்தது. கேட்ட காலேஜ் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது.

சான்றிதழ் வாங்கப் போனபோது வேதியியல் டீச்சரிடம் காரணம் கேட்டேன். மிகுந்த கரிசனத்தோடு சொன்னார்: "பாவம், பயத்துல கை நடுங்கிருச்சாட்ட இருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற மகள் சான்றிதழை வாங்கிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். கோடு போட்டதுபோல நேரான எழுத்து. அடுத்து நான் போட வேண்டிய பெற்றோர் கையெழுத்து. பேனாவைப் பிடிக்க முடியாமல், அவளையே போடச் சொன்னேன். அதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தாள்.