பச்சைத் தெருவின் ஏழு படிவங்கள்

மேகலா போன செய்தி எனக்கு முதலில் ஒரு புள்ளியாகத்தான் வந்தது. கள ஆய்வுக்குப் போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்கள் கைபேசியை வைத்துக் காட்டும் வரைபடத்தை வீட்டில் திறந்து வைத்திருந்தேன். காலை ஆறு மணி இருக்கும். அவள் புள்ளி ஆற்றங்கரைத் தெருவில் ஒரே இடத்தில் நின்றது. 'டீ குடிச்சது போதும், வேலையப் பாரு' என்று செய்தி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் புள்ளி வேகமாக நகர்ந்து மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஏறியது. வண்டியை எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வண்டியில்லை, ஆட்டோ. அதில் யாரோ அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். முப்பத்தொரு வயது.

எங்கள் குழுவில் இருந்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சாவூரின் ஒவ்வொரு தெருவிலும் யாருக்கு என்ன வேலை, என்ன நோய், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கதவைத் தட்டிக் கேட்டு வந்தவர்கள் நீங்கள். உங்களை நடத்தியவள் அவள். அதையெல்லாம் வரைபடமாக்கியவன் நான். நிலைமை நல்லதென்றால் பச்சை, மோசமென்றால் சிவப்பு. சிவப்பு அதிகமுள்ள இடத்தில் நலவாழ்வு மையம் வரும். கல்யாணமான நான்கு வருஷத்தில் நாங்கள் போட்ட பெரிய சண்டை, ஆற்றங்கரைத் தெரு பச்சையாக இருந்ததற்காக.

அந்தத் தெருவில் எப்போது போனாலும் முக்கால்வாசி வீடுகள் பூட்டியிருந்தன. மூன்று முறை போயும் பூட்டியிருந்தால், அக்கம்பக்கத்து வீடுகளின் சராசரியைப் போட்டு நிரப்பிக்கொள்ளும்படி நான் அமைத்திருந்தேன். பக்கத்தில் இருந்ததோ மாதச் சம்பளக்காரர்களின் மாடி வீடுகள்.

"ஏங்க, அந்தத் தெருவுல இருமல் சத்தம் கேக்காத வீடு ரெண்டோ மூணோதான். உங்க படத்துல எல்லாரும் கல்லு மாதிரி இருக்காங்க" என்றாள்.

"கதவத் தெறந்தாத்தானே எழுத முடியும்?"

"பத்து மணிக்குப் போனா எவ தெறப்பா? நடவு நேரம். ஆறரைக்கெல்லாம் வேன் வந்து அள்ளிட்டுப் போயிடும். எங்கம்மாவும் அந்த வேன்ல போனவங்கதான். ஆபீஸ் நேரத்துல போய்த் தட்டிப்புட்டு, ஆளு இல்ல, ஆனா சௌக்கியம்னு எழுதறீங்களே!"

"சரிங்க மேடம். நீங்களே போய்த் தெறந்து காட்டுங்க."

கேலியாகத்தான் சொன்னேன். மறுநாள் நாலரைக்கே எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதுதான் அந்தக் காலை.

கருமாதி முடிந்த பிறகு நம் குழுவின் ராணி அக்கா அவள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே இருந்த டேப்லெட்டைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டு, வெளி அறையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு புள்ளி தோன்றியது. ஆய்வாளர்: மேகலா. பிறகு அடுத்த வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று. அவள் நடந்த வரிசையிலேயே ஏழு புள்ளிகள். வீட்டு வைஃபை கிடைத்ததும் படிவங்கள் தாமாக வந்து சேரும். அதை அப்படி அமைத்தவனே நான். இருந்தாலும் எழுந்துபோய்ப் படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு படிவத்தோடும் ஒரு நிமிஷப் பேச்சு பதிவாகும், கேள்வியை உண்மையிலேயே கேட்டார்களா என்று நான் சரிபார்ப்பதற்காக. ஒப்புதல் கொடுத்ததும் பதிவு அழிந்துவிடும். அது அவள் பிடிவாதமாகக் கொண்டுவந்த விதி. "வியாதிய நம்மள நம்பிச் சொல்றாங்க. குரல நாம எதுக்கு வச்சிக்கணும்?" என்பாள். ஒப்புதல் கொடுக்காவிட்டால் தெரு பச்சையாகவே கிடக்கும், மையம் வேறு வார்டுக்குப் போய்விடும். கொடுத்தால் அவளுடைய கடைசிக் காலையின் ஏழு நிமிஷம் போய்விடும். அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று, நாளை என்று ஒரு வாரம் தள்ளினேன்.

ஏழாவது பதிவைக் கடைசியாகத்தான் கேட்டேன்.

"வீட்டுல யாருக்காவது மூச்சு வாங்கறது, நெஞ்சு வலி இருக்கா அக்கா?"

"எங்களுக்கு இல்ல பாப்பா. ஒனக்குத்தான் இப்படி வாங்குது. செத்த உக்காரு."

"வண்டிய மொனையில விட்டுட்டு நடந்து வந்தேன்ல, அதான். நீங்க சொல்லுங்க, தண்ணி எங்க புடிக்கிறீங்க?"

குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். அதோடு நிமிஷம் முடிகிறது.

படிவமும் அந்தக் கேள்வியோடு நின்றிருந்தது. பாதிப் படிவத்துக்கு ஒப்புதல் கொடுக்க முடியாது. அதனால் மறுநாள் விடியுமுன் நானே போனேன். தெருவில் அத்தனை கதவும் திறந்திருந்தன. வீட்டுக்கு வீடு விளக்கு, புகை, இருமல். பகலில் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டு நான் பச்சை அடித்த தெரு இதுதானா என்று நின்றேன். ஏழாவது வீட்டு அம்மாவிடம் நான் யாரென்று சொல்லவில்லை, மீதிக் கேள்விகளைக் கேட்க வந்திருப்பதாக மட்டும் சொன்னேன். சோற்றைத் தூக்கில் அடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இதே எடத்துலதான் தம்பி அந்தப் பாப்பா உக்காந்துச்சு. நான் சொம்ப எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள சாஞ்சிருச்சு. என் மடியிலதான் போட்டுகிட்டுப் போனேன். அந்த மூச்சு ஒரு நாள்ல வர்ற மூச்சு இல்ல தம்பி. அது வீட்டுல யாரும் கவனிக்கலியா?"

"இல்லீங்க" என்றேன். "கவனிக்கல."

வேன் ஹாரன் அடித்தது. அவர் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்து ஏழு படிவங்களுக்கும் ஒப்புதல் கொடுத்தேன். தெரு சிவப்பானது. அன்றே வரைபடத்தை அனுப்பிவிட்டேன்.

அவள் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அந்த வாசலில் நான் சொன்ன பதிலைத்தான் வைத்திருக்கிறேன். நான்கு வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருந்தவன் சொன்ன பதில் அது.