தளம் அதிராத பிற்பகல்

பெட்டியைத் திறந்தாலே பழைய மரப்பிசின் வாசனை மூக்கில் ஏறும். பழைய பொருள்கள் விற்கும் சுங்கை ரோடு "திருட்டுச் சந்தை"யில் அப்பா வாங்கித் தந்த அந்தப் பெட்டியில், எந்த வெள்ளைக்காரரோ எந்தக் காலத்திலோ செய்த, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகள் இருந்தன; ஒவ்வொன்றிலும், கடலடி மண்ணில் யுகக்கணக்கில் புதைந்து கிடந்த டயட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் பிசினுக்குள் சிறைப்பட்டிருந்தன. வெறும் கண்ணுக்குத் தூசு; விடுமுறைக்குப் பள்ளியில் இரவல் பெற்ற நுண்ணோக்கியில் பார்த்தால் முக்கோணம், படகு, சல்லடை. அம்மாவுக்கு அவை "கண்ணாடிப் பூச்சி".

சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவோடு தேக்கா சந்தைக் கடைக்குக் கிளம்பும்போது அம்மா தினமும் சொல்வார்: "தங்கச்சிய வெளிய விட்றாதடா, பத்திரம்." எனக்குப் பதினான்கு வயது, மல்லிகாவுக்கு ஆறு.

ஒரு வட்ட ஓட்டுக்கு மட்டும் பெயர் தெரியவில்லை. நூலகப் புத்தகத்தில் அதைப்போலவே இரண்டு இருந்தன. புள்ளி வரிசைகள் நடுவரை போனால் ஒரு பெயர், நடுவே வெற்றிடம் இருந்தால் வேறு பெயர். படமெடுத்துப் பெரிதாக்கினால்தான் தெரியும். மேசை விளக்கின் வெளிச்சத்துக்குக் கேமராவை, நொடிகளை வாய்விட்டு எண்ணியபடி, நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் மல்லிகா ஓடினால் பலகைத் தளம் அதிர்ந்து படம் கலங்கிவிடும்.

"அசையாம உக்காரு."

"உன் பூச்சிதான்ணே அசையுது, நான் இல்ல!"

இரண்டு ஃபிலிம் சுருள் வீணான பின், அவளைச் சாமான் அறைக்குள் விட்டுத் தாழிட்டேன். "அண்ணே, தொறண்ணே, இருட்டா இருக்கு." அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நல்லதாயிற்று என்று நினைத்து, சுருள் தீரும்வரை படமெடுத்தேன். கதவைத் திறந்தபோது அவள் அழவில்லை, பாவாடை நனைந்திருந்தது. விளையாடும்போது தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். மல்லிகா மறுக்கவில்லை.

படம் துல்லியமாக வந்தது. புள்ளிகள் நடுவரை போயிருந்தன. பெயர் கிடைத்தது, படத்தைப் பள்ளி ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டினார்கள்.

மல்லிகா அதன்பின் கதவு மூடும் எதிலும் தனியாகவும் துணையோடும் நின்றதில்லை. மின்தூக்கி வேண்டாமென்றே தோ பாயோவில் மூன்றாம் மாடி வீடு வாங்கி, ஆயுள் முழுவதும் படியேறினாள். இப்போது முழங்கால் போய்விட்டது. பல மாதங்களாக அவள் கீழே இறங்கவே இல்லை.

சென்ற வாரம் சொல்லிவிட்டேன். "மல்லிகா, தாழ்ப்பாள் தானா விழல. நான்தான் போட்டேன். நீ கூப்பிட்டதும் கேட்டுச்சு."

"தெரியும்ணே," என்று சிரித்தாள். "அந்தப் பக்கம் நீ ஒன்னு, ரெண்டுன்னு எண்ணுனது எனக்கும் கேட்டுச்சு. உன் படம் கெட்டுடுமேன்னுதான் அப்புறம் கம்முனு இருந்தேன்."

அந்தக் கடைவீடு இன்று சிமெண்டுத் தளம் போட்ட விடுதி. யார் ஓடினாலும் எதுவும் அதிராது. பெட்டி எங்கே போனதென்றே தெரியவில்லை. நேற்று மல்லிகாவை அவள் வீட்டிலிருந்து கைத்தாங்கலாக மின்தூக்கி வரை அழைத்துப் போனேன்.

"கைய புடிச்சிக்கிறேன், வா. கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

கதவு திறந்தது. அவள் உள்ளே பார்த்தாள்.

"நீ போயிட்டு வா லா," என்றாள்.